பக்கத்தில் இடம் விடுங்கள்: திருநங்கையர், திருநம்பியரோடு பழகத் தொடங்கும் கத்தோலிக்கருக்கு ஒரு வழிகாட்டி

குன்னூருக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு பங்கில் பல ஆண்டுகளாக அன்பியப் பொறுப்பில் இருக்கிறேன். (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழுவே அன்பியம்.) புதிதாகப் பொறுப்பேற்கும் அன்பியத் தலைவர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும், சில வேளைகளில் கலங்கிப்போன பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நம்ம கோயிலுக்கு ஒரு திருநங்கை வர்றாங்க, நாங்க எப்படி நடந்துக்கணும்?" அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருச்சபையின் போதனையில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒருவர், திருநங்கை ஒருவருக்குப் பெயர் சொல்லி வணக்கம் சொல்வதற்கும், பக்கத்தில் இடம் விடுவதற்கும், வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை. தடை என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் நம்முடைய கூச்சமும் ஊர்வாய்க்கு நாம் அஞ்சும் அச்சமுமே என்பது என் அனுபவம்.

சொற்களிலிருந்து தொடங்குங்கள்

பிறப்பில் ஆணாகப் பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவரைத் திருநங்கை என்றும், பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்றும் சொல்கிறோம். பிறவியிலேயே உடற்கூறு ஆண், பெண் என்ற தெளிவான பிரிவுக்குள் அடங்காமல் இருப்பவர்கள் வேறு. அவர்களை ஊடுபால் மனிதர் என்கிறார்கள். இவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முதல் மரியாதை. "அலி", "ஒன்பது", "பொட்டை" என்ற சொற்களை எந்தச் சூழலிலும், விளையாட்டுக்கும், சொல்லாதீர்கள். மறைக்கல்வி வகுப்பில் நடையோ பேச்சோ சற்று மென்மையாக இருக்கும் சிறுவனை மற்ற பையன்கள் "ஒன்பது" என்று அழைத்தால், அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அதைக் கண்டிக்க வேண்டும். அவன் வளர்ந்து திருநங்கையாகலாம், ஆகாமலும் இருக்கலாம். எப்படியானாலும், கோயில் வளாகத்தில் தன்னை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை அவன் மறக்கப்போவதில்லை.

அடுத்தது பெயர். முதல் சந்திப்பில், நம் வழக்கப்படி "இயேசுவுக்கே புகழ்" என்று வணங்கிவிட்டு, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைச் சொல்லுங்கள். "உண்மையான பெயர் என்ன?" என்று கேட்காதீர்கள். இப்படி அழைத்தால் நம் நம்பிக்கைக்கு முரணாகிவிடாதா என்று சிலர் உண்மையாகவே தயங்குகிறார்கள்; அந்தத் தயக்கத்தை நான் இகழவில்லை. ஆனால் தமிழ் நமக்கு ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. "அவர் வந்தார்", "அவர் செபித்தார்" என்ற மரியாதைப் பன்மையில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஆயர் முதல் தோட்டத்துக் கங்காணி வரை எல்லாருக்கும் நாம் தரும் சொல் அது. மனம் இன்னும் தெளியாதவர்கள்கூட முதல் நாளிலிருந்தே "அவர்", "வாங்க", "உட்காருங்க" என்று பேசலாம். பழக்கம் முற்றியபின் வயதுக்கேற்ப அக்கா, தங்கை, அண்ணன், தம்பி என்ற முறை தானாகவே வந்துவிடும். அவர் எந்த முறையை விரும்புகிறாரோ அந்த முறையைச் சொல்வதே சரி என்பது என் கருத்து. உறவுச்சொல் என்பது எதிரில் இருப்பவரை நம் வீட்டாராக ஏற்கும் சொல். அதை வைத்து ஒருவருடைய உடலுக்கு யாரும் சான்றிதழ் எழுதுவதில்லை.

போதனையை அரைகுறையாகச் சொல்லாதீர்கள்

"திருச்சபை இவர்களை ஏற்பதில்லை" என்பதும், "இப்போது திருச்சபை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டது" என்பதும் இரண்டுமே தவறு. மனிதரை ஆணும் பெண்ணுமாகக் கடவுள் படைத்தார் என்றும், உடலைக் கொடையாகப் பெற்று மதிக்க வேண்டும் என்றும் திருச்சபை தொடர்ந்து கற்பிக்கிறது. வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை 2024 ஏப்ரலில் வெளியிட்ட, 'எல்லையற்ற மாண்பு' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அறிக்கை, பால்மாற்றச் சிகிச்சை மனிதர் கருவுற்ற கணம் முதல் பெற்றுள்ள மாண்புக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்று சொல்கிறது. பிறப்புறுப்பில் பிறவியிலோ பின்னரோ வெளிப்படும் குறைபாடுகளுக்கு மருத்துவ உதவி பெறுவதை அது வேறாக வைத்து அனுமதிக்கிறது. அதே அறிக்கைதான், எந்தச் சூழ்நிலையிலும் எந்த மனிதரும் இழக்க முடியாத மாண்பைப் பற்றித் தொடக்கம் முதல் முடிவு வரை பேசுகிறது. ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்து மற்றவர் முகத்தில் வீசுவது போதனையைக் காப்பதாகாது.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2016 அக்டோபரில் அசர்பைஜானிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் செய்தியாளர்களிடம் சொன்ன நிகழ்வு. வத்திக்கானில் தாம் சந்தித்த ஸ்பெயின் நாட்டுத் திருநம்பி ஒருவரைப் பற்றி அவர் பேசினார். அந்தத் திருநம்பியின் ஊரில் புதிதாக வந்த பங்குத்தந்தை அவரைத் தெருவில் கண்டால் நரகத்துக்குப் போவாய் என்று கத்துவாராம். எண்பது வயதைக் கடந்த பழைய பங்குத்தந்தையோ, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டு, வா, செய்துவிட்டு நற்கருணை வாங்கு என்று அழைப்பாராம். பாலினத்தை ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்னும் பாலினக் கருத்தியலைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவதை அதே உரையாடலில் திருத்தந்தை கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருத்தியலோடு வாதிடுவது ஒன்று, கோயிலுக்கு வந்து நிற்கும் மனிதரைச் சந்திப்பது மற்றொன்று என்பதை அந்த முதிய குரு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

கோயிலுக்குள்

நம் மலைக் கோயில்கள் பலவற்றில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகவே அமர்கிறோம். வாசலில் நுழையும் திருநங்கையை முதலில் திகைக்க வைப்பது அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே ஓடும் நடுவழிதான். ஆண்கள் பக்கம் போனால் சிரிப்பார்கள். பெண்கள் பக்கம் போனால் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்வார்கள். ஆகவே அவர் செருப்பு விடும் இடத்துக்கு அருகில், கடைசித் தூணை ஒட்டி நின்றுகொள்கிறார். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஒன்றில் இதை நான் கண்ணால் பார்த்தேன். ஆடி மாதத்து மழை சாரலாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. தலையில் முக்காடும் கையில் ஏற்றாத மெழுகுதிரியுமாக அவர் நின்றிருந்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்க்காததுபோலப் பாடினோம். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, கறை ஏறிய விரல்களால் தம் கம்பளிச் சால்வையின் ஒரு முனையைத் தரையில் விரித்துவிட்டு, "இங்க வா கண்ணு, தரை சில்லுன்னு கெடக்கு, இதும்மேல உக்காரு" என்றார். மொத்தக் கோயிலிலும் அன்று வேலை செய்தவர் அந்தப் பாட்டி ஒருவர்தான்.

அந்தப் பாட்டி செய்ததை நீங்கள் ஒரு நடைமுறையாகவே ஆக்கிக்கொள்ளலாம். வருபவரிடம், "எங்கே உட்கார்ந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்?" என்று மெல்லக் கேளுங்கள், அவர் காட்டும் பக்கத்தில் நீங்களோ உங்கள் வீட்டார் ஒருவரோ உடன் அமருங்கள். தனியாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடாதீர்கள். அது ஒதுக்குவதாகவே முடியும். சமாதானம் பகிரும் நேரத்தில் அவரைப் பார்த்துத் திரும்பிக் கைகுவியுங்கள். "நம் பங்குக்கு ஒரு திருநங்கை வந்திருக்கிறார், வரவேற்போம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதைத் தவிருங்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் செபிக்க வந்தவரை அது காட்சிப்பொருளாக்கிவிடுகிறது. சில வாரங்கள் தொடர்ந்து வந்தால், கோயில் கூட்டும் முறைப் பட்டியலில் மற்றவர்களைப் போல அவர் பெயரையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பங்கில் ஒருவர் வேரூன்றுவது பெரும்பாலும் துடைப்பத்தின் வழியாகத்தான்.

நற்கருணை வரிசையில் யார் நிற்கிறார் என்று கணக்குப் பார்ப்பது நம் வேலை அன்று. அது அவருடைய மனச்சான்றுக்கும் ஒப்புரவு கேட்கும் குருவுக்கும் உரியது. நாம் நம் "ஆமென்" சொல்லிவிட்டு நம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். திருவிழா நாள்களில், பங்கு மன்றத்தில் தனிக்கதவும் உள்தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை ஒன்றையாவது எல்லாரும் பயன்படுத்தும்படி விட்டுவையுங்கள். தேர்ப்பவனி முடியும்வரை அடக்கிக்கொண்டு நின்றதாக ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே இது தோன்றியது.

வீட்டுக்கு அழைக்கும்போது

இங்கே என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். அதே திருநங்கை முதன்முறையாக எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வந்தபோது கூட்டம் என் வீட்டில்தான் நடந்தது. செபமாலை முடிந்து தேநீரும் வர்க்கியும் கொடுத்தோம். மற்றவர்கள் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவருக்கு மட்டும் பேப்பர் கப். வேண்டுமென்று செய்யவில்லை, ஒரு டம்ளர் குறைந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் குறைந்த அந்த ஒன்று ஏன் அவர் கைக்குப் போனது? அவர் அந்தக் கப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அதை மடித்துத் தம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார், என் வீட்டுக் குப்பையில்கூடப் போடவில்லை. தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறவன் நான். என் வீட்டு அடுப்படியில் அது எவ்வளவு எளிதாக நுழைந்துவிட்டது என்பதை அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு முன்பு போய் மன்னிப்புக் கேட்டேன். "பழகிடுச்சுங்க அண்ணா" என்றார். அந்தப் பதில் மன்னிப்பைவிடக் கனமாக இருந்தது.

ஆகவே, அழைக்கும்போது எல்லாருக்கும் தரும் பாத்திரம், எல்லாருக்கும் தரும் பாய், எல்லாருக்கும் தரும் வாசகம் என்பதை முன்கூட்டியே எண்ணி வையுங்கள். நற்செய்தி வாசிக்கும் முறை அவருக்கு வந்தால் தாண்டிப் போகாதீர்கள். "ஆபரேஷன் ஆச்சா?", "எப்படி வாழறீங்க?", "வீட்டுல ஏன் சேர்க்கல?" என்ற கேள்விகள் வேண்டாம், வேறு எந்த விருந்தாளியிடமும் அவர் உடலைப் பற்றி நாம் கேட்பதில்லை. கடை கேட்டுத்தான் (கடைகடையாகக் காசு கேட்டு) பிழைக்கிறார் என்பது தெரியவந்தாலும் அறிவுரையோடு ஆரம்பிக்காதீர்கள்; என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள், தெரிந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். மாதா திருநாளுக்கு ஒருநாள் உடை தந்துவிட்டு மறந்துவிடும் இரக்கத்தைவிட, சீசன் நேரத்தில் ஒரு தங்கும் விடுதியின் சமையற்கட்டில் நிலையான வேலை வாங்கித்தருவது பெரிய உதவி.

அவர்தாமாகவே பேசத் தொடங்கினால் கேளுங்கள். வீட்டை இழந்த திருநங்கையருக்கு ஜமாத் என்னும் தங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் தாயாகிறார். அவர்களுக்குள் தாய், மகள், பேத்தி என்று ஒரு குடும்பமே உண்டு. அந்தத் தாயைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள். நாம் கதவை மூடிய இரவில் திறந்த கதவு அவருடையது.

உங்கள் பிள்ளை சொல்லும் நாளில்

இந்தப் பகுதியைப் பெற்றோர் மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசையாக ஒட்டி வாழும் லைன் வீட்டில் சுவருக்குச் சுவர் காது இருக்கும்; பிள்ளை சொன்னதைவிட அடுத்த வீட்டார் கேட்டுவிட்டார்களா என்ற பயமே முதலில் எழும். அந்தப் பயத்தில் கை ஓங்கிவிடாதீர்கள். முதல் இரவில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சோறு போட்டு, பக்கத்தில் படுக்க வையுங்கள். பதில் எதையும் அன்றே கொடுக்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பங்கில் ஒரு தகப்பன் இதே நிலையில் என்னிடம் வந்தபோது, "கொஞ்சம் கண்டிச்சு வையுங்க, சரியாயிடும்" என்றேன். கண்டிப்பு எந்த அளவுக்குப் போனது என்பது மறுநாள்தான் தெரிந்தது. விடியற்காலை முதல் பேருந்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்ட அந்தப் பிள்ளைக்கு வயது பதினேழு. பள்ளிக்கூடப் பையில் ஒரு ஸ்வெட்டரும், உறுதிப்பூசுதலன்று ஞானத்தந்தை கொடுத்த செபமாலையும் மட்டும் இருந்தன. அந்த ஞானத்தந்தை நான்தான்.

ஆகவே நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மந்திரிக்கவோ, பேயோட்டும் செபக்கூட்டத்துக்கோ இழுத்துச் செல்லாதீர்கள்; இது பேயும் அன்று, செய்வினையும் அன்று. கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் உறவினரின் பேச்சைக் கேட்டு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் சேர்த்து அழிக்காதீர்கள். "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சிகிச்சை சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்; அத்தகைய முயற்சிகளைத் தடைசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது, தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. மன அழுத்தம் இருந்தால், தூக்கம் கெட்டால், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து, அறுவைச் சிகிச்சை என்ற முடிவுகளில் வளரும் பிள்ளையை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். திருச்சபை இதில் என்ன சொல்கிறது என்பதையும், அதில் உங்கள் நம்பிக்கை என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பேச்சின் முடிவில் "இல்லையென்றால் வெளியே போ" என்ற சொல் வரவே கூடாது. படிப்பு நிற்கக் கூடாது, மாலை செபத்தில் அந்தப் பிள்ளையின் இடம் காலியாகக் கூடாது. உறவினருக்கும் பங்குத்தந்தைக்கும் சொல்வதாக இருந்தால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அருளடையாளங்களைப் பற்றி யாராவது கேட்டால்

நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை, பிரேசில் நாட்டு ஆயர் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு 2023 நவம்பரில் வெளியிட்ட பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பால்மாற்றச் சிகிச்சை பெற்ற ஒருவரும், பிற விசுவாசிகளுக்குள்ள அதே நிபந்தனைகளின்படி, பொது இடறலோ குழப்பமோ விளையாத நிலையில் திருமுழுக்குப் பெறலாம். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டும் குருவின் விவேகத்தின்படியும் ஞானப்பெற்றோராக அனுமதிக்கப்படலாம், ஆனால் அது அவருடைய உரிமை ஆகாது. திருமணத்துக்குச் சாட்சியாக நிற்கத் தடையில்லை. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற போதனை மாறவில்லை; இதை மறைத்து நம்பிக்கை ஊட்டுவது பிறகு பெரிய காயமாகும். ஒவ்வொருவருடைய நிலையையும் பங்குத்தந்தையிடம் நேரில் பேச வேண்டும். கேட்பவரைத் தனியாக அனுப்பாமல், அவர் விரும்பினால், கூடவே போய் அறைக்கு வெளியே காத்திருங்கள். திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசியின் நிதிப் பொறுப்பாளரான அண்ணகரின் (விதை நீக்கப்பட்ட அரண்மனை அலுவலரின்) தேரோடு பிலிப்பு ஓடுகிறார், பிறகு ஏறி அவர் பக்கத்தில் அமர்கிறார், அதன்பிறகே மறைநூலை விளக்குகிறார். அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த வரிசைமுறையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன்.

அலுவலகம், வாடகை, பேருந்து

சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று இவர்களுடைய பாலின அடையாளத்தையும் சம உரிமையையும் உறுதிசெய்தது. நாடாளுமன்றம் 2019-இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதற்கு வெகு முன்பே, 2008-இல், நல வாரியம் அமைத்தது. அடையாள அட்டை, குடும்ப அட்டை போன்றவற்றுக்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தை அணுகவும், தேவையானால் உதகையில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கவும் உடன் செல்லுங்கள். அலுவலகத்தில் பக்கத்தில் ஒருவர் நின்றாலே பேச்சின் தொனி மாறுவதை நீங்களே காண்பீர்கள். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் திருநங்கையருக்கும் உண்டு. 2024 முதல் அந்தத் திட்டம் நம் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டது. வீடு வாடகைக்கு விடும் கத்தோலிக்கர் மற்றவர்களிடம் கேட்கும் முன்பணத்தையே இவர்களிடமும் கேட்க வேண்டும், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கக் கூடாது.

இறப்பில்

இதைப் பற்றி உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது, ஏனெனில் பெரும்பாலான அவமதிப்பு அன்றுதான் நடக்கிறது. இருபது ஆண்டுகள் எட்டிப் பார்க்காத உறவினர் அன்று வந்து, கூந்தலை வெட்டி, புடவையைக் களைந்து, வேட்டி கட்டி வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் என்ன உடுத்திக்கொள்ள விரும்புகிறார், யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதை முன்பே கேட்டு, அன்பியத்தில் இருவராவது அறிந்திருக்கட்டும். அவருடைய ஜமாத்துத் தாய் வந்தால் பெட்டியின் தலைமாட்டில் இடம் கொடுங்கள். திருமுழுக்குப் பெயர் பதிவேட்டில் இருக்கும். சிலுவையில் அந்தப் பெயரோடு, ஊர் அறிந்த பெயரையும் எழுதலாமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். எங்கள் பங்கில் ஒரு சிலுவையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. கல்லறைத் திருநாளுக்கு அங்கே வர இரத்த உறவு யாரும் இல்லாததால் அன்பியமே முறை வைத்துக்கொள்கிறது. அக்டோபர் கடைசி வாரத்தில் புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு முன்னால் ஒரு தகரக் கூண்டு நட்டுவிடுகிறோம், ஏனெனில் நவம்பர் இரண்டாம் நாள் பெரும்பாலும் மழையாகத்தான் இருக்கிறது, கூண்டு இல்லாவிட்டால் மெழுகுதிரி நிற்காது.